வேதநாயகி இல்லத்தின் பதினான்கு அடுக்குகள்

உத்தமன் கலைஞர் ஆனதற்குக் காரணம் சோம்பேறித்தனம் என்பது அவர் மனைவி வேதநாயகியின் கருத்து. பயம் என்பது பக்கத்து வீட்டுச் சின்னப்பாவின் கருத்து. உத்தமனைக் கேட்டால் பசை என்பார். மூன்றும் உண்மைதான், வரிசைதான் முக்கியம். முதலில் பயம் வந்தது, பிறகு பசை. சோம்பேறித்தனம் கடைசியாக வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

பயம் வருவதற்கு முன்பு அவர் பீன்யாவில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் ஒட்டும் பிரிவில் நிம்மதியாக இருந்தார். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து எழுபத்தெட்டில் இந்தக் கன்னட ஊருக்கு வந்தவர். காய்ந்த பெட்டிகளில் ஒன்றை எடுத்து, ஒட்டிய இடத்தைக் கையால் பிய்த்துப் பார்ப்பது அவர் வேலை. ஒட்டு விட்டுக்கொண்டு சுத்தமாகப் பிரிந்தால் பெட்டி ஃபெயில். ஒட்டு அப்படியே இருக்க, அட்டை நார் நாராகக் கிழிந்து வந்தால் பாஸ். பதிமூன்று வருடத்தில் தன் கைப்பசை ஒருமுறைகூட விட்டதில்லை என்று உத்தமன் கல்யாணப் பந்திகளில் சொல்வார். பக்கத்து இலைக்காரர் ரசம் கேட்டால்கூட நிறுத்தமாட்டார்.

எண்பத்தொன்பதில் லக்கெரேயில் இரண்டு அறை கொண்ட ஒரு வீட்டைக் கட்டினார். வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் மூன்றடிக்கு இரண்டடியில் ஒரு பலகை மாட்டினார். தேக்கு என்று சொல்லி விற்கப்பட்ட மரம். சில்வெஸ்டர் என்ற போர்டு ஆர்ட்டிஸ்ட் அதில் சிவப்பு எனாமலில், தமிழில், ‘வேதநாயகி இல்லம்’ என்று எழுதி, கீழ் மூலையில் கேட்காமலே ஒரு தாமரையும் போட்டுக் கொடுத்தார். கொத்தனார் நான்கு போல்ட்டுகளை சிமெண்டுக்குள் புதைத்து, “பூமி அதிர்ந்தாலும் இது அசையாது சார்” என்று உறுதி சொன்னார். பின்னால் வரப்போகும் தொல்லைகளில் பாதி அந்த உறுதியால் வந்தது.

வேதநாயகிக்கு அந்தப் பலகை பெரிய விஷயம். ரேஷன் கார்டில் அவர் ‘மனைவி’. பள்ளிக்கூடத்தில் ‘வித்யா அம்மா’. தெருவில் தமிழர்களுக்கு ‘உத்தமன் வீட்டம்மா’, மற்றவர்களுக்கு ‘அக்கா’. கேஸ் புத்தகம், கரண்ட் பில், வீட்டு வரி எல்லாம் உத்தமன். ஊரில் அவர் பெயர் முழுசாக எழுதியிருந்தது அந்த ஒரு பலகையில்தான். தினமும் காலையில் வாசல் தெளித்ததும் ஈரத்துணியால் அதை ஒரு முறை துடைப்பார். முதலில் தன் பெயர், பிறகு ‘இல்லம்’, நேரமிருந்தால் தாமரை.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரி விவகாரத்தில் தமிழர்களுக்கு எதிராக ஊர் கொந்தளித்தது. அந்த வாரத்தைப் பற்றி ஊரில் பல கதைகள் உண்டு. இங்கே ஒரு பலகையின் கதை மட்டும்.

சாயங்காலம் சின்னப்பா வேலியைத் தாண்டி வந்தார். நகரப் பேருந்தில் கண்டக்டர், கன்னடக்காரர், தமிழையும் டிக்கெட் கிழிக்கும் வேகத்தில் பேசுபவர், யாரையும் ‘குரு’ என்று கூப்பிடுபவர். உத்தமனின் மகள் வித்யாலட்சுமியை ஏற்கெனவே தன் வீட்டில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு, அடுத்ததாகப் பலகையைப் பார்த்தார்.

“உத்தமா, இத எடுத்துடு குரு.”

“போல்ட்டு சிமெண்டுக்குள்ள இருக்குதுபா. சுத்தியால அடிச்சா நாலு தெருவுக்குக் கேக்கும்.”

“அப்ப மூடு.”

“எத்தால மூடறது?”

சின்னப்பா தன் வீட்டுக்குள் போய் அன்றைய கன்னடப் பேப்பரைக் கொண்டுவந்தார். “ஸ்போர்ட்ஸ் பேஜ் மட்டும் குடுத்துடு. இன்னும் படிக்கல.”

இந்த இடத்தில் உத்தமன் அடுப்படியிலிருந்து கொஞ்சம் கஞ்சித் தண்ணி எடுத்து ஒட்டியிருந்தால், ஒரு வாரம் கழித்து ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போயிருக்கலாம். இதை எழுதவும் வேண்டியிருக்காது. ஆனால் பதிமூன்று வருடம் பழகிய கை, அலமாரிக்கு அடியில் இருந்த கம்பெனிப் பசை டப்பாவைத்தான் எடுத்தது. உயிர் பயத்திலும் மூலை, ஓரம், நடு என்று கம்பெனி விதிப்படி தடவி, துணியால் குமிழியை நீவிவிட்டார். கூட்டம் வரும் நேரத்தில்கூட ஆள் குவாலிட்டியை விட்டுக்கொடுக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் சின்னப்பா வேலியோரம் நின்று பலகையைப் பார்த்தார். கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

“ஏனு குரு இது? மினிஸ்டர் தலைல நிக்கறாரு.”

உத்தமனுக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. அவசரத்தில் படத்தையும் கவனிக்கவில்லை. பேப்பர் தலைகீழாக ஒட்டியிருந்தது. தமிழ் எழுதியிருந்தால் ஒரு ஆபத்து. கன்னடத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் அது வேறு ஆபத்து. முன்னதற்காவது சமாதானம் சொல்லிப் பார்க்கலாம்.

“பிரிச்சிடவா?” என்றார் உத்தமன்.

“பிரிக்கிற நேரமா இது? மேல இன்னொண்ணு ஒட்டு. நேரா.”

ஒட்டினார். இரண்டாவது அடுக்கு நேராகவே நின்றது. காய்ந்த பிறகுதான் அதன் கீழ்ப் பாதியில் ஒரு தமிழ் சினிமா விளம்பரம் இருந்தது சின்னப்பா கண்ணில் பட்டது. ஹீரோ அரிவாளோடு நின்றார். சின்னப்பா தலையில் கைவைத்துக்கொண்டு போய், தன் வீட்டு பூஜை அறையிலிருந்து சாமுண்டீஸ்வரி காலண்டரைக் கழற்றி வந்தார். “இதுக்கு மேல எவனும் கேக்கமாட்டான். ஒட்டு.” அது மூன்றாவது அடுக்கு. மத்தியானத்துக்கு மேல் ஒரு கூட்டம் தெருவுக்குள் வந்தது. ஒருவன் பலகையைப் பார்த்து, போகிற போக்கில் கன்னத்தில் போட்டுக்கொண்டான். கூட்டம் போய்விட்டது. இரண்டு தெரு தள்ளி ஒரு சைக்கிள் கடை எரிந்தது.

ஊர் அடங்கியதும் வேதநாயகி கேட்டார். “அதப் பிரிச்சிடுங்க. தொடைக்கணும்.”

“பொங்கலுக்குள்ள பண்ணிடறேன்.”

தொண்ணூற்றிரண்டு பொங்கலுக்கு முன்தினம், வேதநாயகி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, உத்தமன் கீழ் மூலையை வெந்நீரில் நனைத்து மெல்லப் பிரித்துப் பார்த்தார். பேப்பர் வந்தது. கூடவே தாமரையும் வந்தது. இதழ் இதழாக, ஒரு கீறல் இல்லாமல், எனாமல் மொத்தமும் பேப்பரின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது. பலகையில் வெறும் மரம். சில்வெஸ்டர் அடிப்பூச்சு போடாமல் நேராக மரத்தில் எழுதியிருக்கிறார். உத்தமனின் பசை சில்வெஸ்டரின் பெயிண்டைவிட கெட்டி. தொழில் முறையில் பார்த்தால் இது ஒரு வெற்றி.

அவர் மூலையை அப்படியே திருப்பி அழுத்தி ஒட்டினார். கிழிந்த ஓரம் தெரிந்தது. சட்டைப் பையில் ஒரு பஸ் டிக்கெட் இருந்தது. அதை எடுத்து ஓரத்தின்மேல் ஒட்டினார். ஒரு மூலையில் மட்டும் டிக்கெட் இருந்தது கண்ணை உறுத்தியதால், சின்னப்பாவிடம் பஸ்ஸில் கீழே கிடக்கிற டிக்கெட்டுகளைப் பொறுக்கி வரச்சொல்லி மற்ற மூன்று மூலைகளிலும் ஒட்டினார். பிறகு ஓரம் முழுக்க. நான்காவது அடுக்கு.

வேதநாயகி திரும்பி வந்து பார்த்தார். “பிரிக்கச் சொன்னா ஒட்டி வெச்சிருக்கீங்க?”

“சும்மா, அழகுக்கு.”

உத்தமனின் கலை வாழ்க்கை இந்த ஒரு பொய்யிலிருந்து தொடங்குகிறது. பெரிய கலைஞர்களுக்கு இதைவிட மோசமான தொடக்கங்கள் இருந்திருக்கலாம், அவர்கள் சொல்வதில்லை.

இதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. தெருவில் தமிழ் வீடுகள் போகியன்று பழைய பாயையும் உடைந்த முறத்தையும் வெளியே எறியும். அன்றைக்கு வேதநாயகி கேட்பார்: “இந்தப் போகிக்காவது?” அன்றைக்கே உத்தமன் ஒரு புது அடுக்கு ஒட்டுவார். ஊர் பழையதைக் கழித்துக்கொண்டிருக்கும் நாளில் அவர் மட்டும் ஏணிமேல் நின்று சேர்த்துக்கொண்டிருப்பார். என்ன ஒட்டுவது என்பதற்கு அவர் வெளியே தேடிப் போகவில்லை. அந்த வருடம் வீட்டில் என்ன நடந்ததோ அது. தொழிற்சாலை நாற்பத்து மூன்று நாள் மூடியிருந்த வருடம், கதவில் ஒட்டியிருந்த கதவடைப்பு நோட்டீஸ், அதன்மேல் டீ கிளாஸின் வட்டங்கள். வித்யாவுக்கு அம்மை போட்ட வருடம், காய்ந்த வேப்பிலையும் அவள் படுத்திருந்த பழைய வேட்டியின் ஒரு துண்டும். உத்தமன் கை உடைந்த வருடம் மட்டும் இரண்டு அடுக்கு, மாவுக்கட்டின் துணி, அதன்மேல் எக்ஸ்ரே ஃபிலிம். வெயில் பட்டால் அந்த எலும்பு பலகையில் நீலமாகத் தெரியும். ஆறு வருடம் காத்திருந்து டெலிபோன் வந்தபோது, லைன்மேன் விட்டுப்போன ஒயரின் உள்நூல்கள், சிவப்பும் பச்சையும்.

எல்லாவற்றையும் மூடிவிட முடியவில்லை. காரணம் அம்மன். மூன்றாவது அடுக்கில் சாமுண்டீஸ்வரி இருக்கிறாள். அவள் முகத்தின்மேல் எதையும் ஒட்ட உத்தமனுக்குக் கை வரவில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தை விட்டுவிட்டு ஒட்டினார். அடுக்குகள் ஏற ஏற அம்மன் உள்ளே போனாள், ஒரு கிணற்றுக்குள்ளிருந்து பார்ப்பதுபோல. அது உத்தமனுக்குப் பிடித்துப்போனது. பிறகு அவரே வேண்டுமென்று அங்கங்கே கிழிக்க ஆரம்பித்தார். மேல் காகிதத்தை விரலால் கிழித்து அடியில் இருப்பதைக் கொஞ்சம் காட்டுவது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒரு வருடத்துக்குள் இன்னொரு வருடத்தைத் தெரியவைப்பது. காபி டிகாஷனைத் துணியில் தொட்டுத் தடவி எல்லாவற்றையும் ஒரே பழுப்புக்குக் கொண்டுவருவது. பிய்த்துப் பார்த்தே சம்பளம் வாங்கியவருக்கு இது புதிய தொழில் அல்ல. எந்தக் காகிதம் எவ்வளவு ஆழம் கிழியும் என்று விரல் நுனிக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கழிவு அட்டைகளில் தனியாகவும் செய்யத் தொடங்கினார். பலகை பண்டிகை, இவை அன்றாடம். சில தொழிற்சாலை கேன்டீன் சுவரில் ஏறின. சூப்பர்வைசர் ஜெயராமன் அவற்றை ‘உத்தமன் சார் குப்பை’ என்று அன்பாக அழைத்தார்.

வீட்டில் அன்பு குறைவு. “காலேஜ்ல வீட்டுக்கு வழி கேட்டா, லாரி மோதின போஸ்டர் மாதிரி ஒரு போர்டு இருக்கும், அதான் வீடுன்னு சொல்றேன்பா,” என்றாள் வித்யாலட்சுமி.

வேதநாயகி அதற்குச் சிரிக்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “எம் பேரு உள்ள இருக்குதா?”

“இருக்குது. எங்க போவப் போவுது?”

“நல்லா இருக்குதா?”

“பத்திரமா இருக்குது.”

இரண்டாவது பதில் முதல் கேள்விக்குத்தான் பொருந்தும் என்பதை வேதநாயகி கவனித்திருக்கலாம். காலையில் ஈரத்துணியோடு வெளியே வருகிற பழக்கத்தை அவர் விடவில்லை. இப்போது கதவைத் துடைத்தார்.

இரண்டாயிரம் ஆகஸ்டில், ஒரு கன்னட நடிகரைக் காட்டுக்குள் கடத்திப் போனதில், ஊர் மறுபடி ஒருமுறை முறுக்கிக்கொண்டது. உத்தமன் அவசரமாக ஒரு கன்னடப் பேப்பரை ஒட்டினார். இந்த முறை நேராக. ஒட்டுமுன் மூன்று தரம் பார்த்து, சின்னப்பாவிடம் காட்டி, அவர் தலையாட்டிய பிறகு. ஒன்றும் நடக்கவில்லை. “பாத்தியா, நல்ல வேள பிரிக்கல,” என்று மனைவியிடம் சொன்னார். ஒன்பது வருடத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே நியாயமான சாக்கு அது. அதை ஒரு மாதம் வைத்து ஓட்டினார். அது பதினான்காவது அடுக்கு.

டிசம்பரில் அனன்யா வந்தாள். வைட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆபீஸ் அலங்காரத்தையும் பரிசுப் பொருள்களையும் கவனிக்கும் பெண். மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். புது வருடப் பரிசுக்குப் பெட்டி ஆர்டர் கொடுக்க பீன்யா வந்தவள், டீ குடிக்க கேன்டீனுக்குள் போய், சுவரைப் பார்த்து டீயை மறந்தாள். ஜெயராமன் உத்தமனைக் கூப்பிட்டு அனுப்பினார். உத்தமன் ஏதோ பெட்டி பிரிந்துவிட்டது என்று நினைத்து வெளிறிப்போய் வந்தார்.

அடுத்த ஞாயிறு அவள் லக்கெரே வந்தாள். பலகைக்கு முன்னால் கால்மணி நேரம் நின்றாள்.

“அங்கிள், இது லேயர்ஸ் ஆஃப் பிலாங்கிங். கரெக்டா?”

“பதினாலு லேயர்மா,” என்றார் உத்தமன்.

“இந்த விண்டோஸ் எல்லாம்... மெமரி எவ்ளோ காட்டணும், எவ்ளோ மறைக்கணும்னு ஒரு டென்ஷன் இருக்கு இல்ல?”

“டென்ஷன் இருக்குது,” என்று உத்தமன் மனசார ஒப்புக்கொண்டார்.

அவள் கம்பெனியின் வரவேற்பறைக்கு அதை விலைக்குக் கேட்டாள். பலகையே வேண்டாம், மேலே இருக்கிற படம் போதும். எடுக்க முடியாதென்றால் பலகையோடு என்றாள். உத்தமன் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து வேதநாயகி வந்தார்.

“எடுத்துக்கம்மா. ஆனா பலகை என்னுது. மொதல்ல அதுலேர்ந்து பிரிக்கணும்.”

“ஆன்ட்டி, பீல் பண்ணா டேமேஜ் ஆயிடும். ப்ளீஸ், அப்படியே—”

“உள்ள எம் பேரு இருக்குதும்மா. ஒம்போது வருஷமாவுது.”

அனன்யாவுக்கு இது தெரியாது. உள்ளே ஒரு பெயர் இருப்பதைக் கேட்டதும் அவள் கண் விரிந்தது. படத்தின் மதிப்பு அங்கேயே ஏறியது. வேதநாயகி நாளையும் குறித்தார். போகி. “அன்னிக்கு எல்லாரும் பழசக் கழிப்பாங்க. இவரு ஒட்டுவாரு. இந்த வருஷம் நான் கழிக்கறேன்.”

போகியன்று காலை எட்டு மணிக்கு வாசலில் மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்தது. அதன்மேல் ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர். வெயிட்டைக் கழற்றிவிட்டு, அந்த மூக்கில் கேஸ் ட்யூப் ஒன்றைச் சொருகி, மறுமுனையைக் கையில் வைத்துக்கொண்டு வேதநாயகி நின்றார். இன்னொரு கையில் தோசைத் திருப்பி. யோசித்துச் செய்த ஏற்பாடு என்பது பார்த்ததும் தெரிந்தது. இதை அவர் ஒன்பது வருடமாகவே யோசித்திருக்கலாம்.

அனன்யா வேனோடு வந்திருந்தாள். சின்னப்பா சங்கராந்திக்குக் கலந்த எள்ளு வெல்லத் தட்டோடு வேலியில் சாய்ந்துகொண்டார். தெருவில் எறிய வந்தவர்கள் எறிவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

உத்தமன் மெல்ல அருகில் வந்தார். “வேணாம் வேதா.”

“ஏன்?”

“எழுத்தும் கூட வந்துடும்.”

“ஒங்களுக்கு எப்டித் தெரியும்?”

“தெரியும். தாமரை வந்துது.”

“எப்ப?”

“தொண்ணூத்திரண்டு பொங்கல்.”

வேதநாயகி அவரைப் பார்த்தார். குக்கர் சீறத் தொடங்கியது. சின்னப்பா வாயிலிருந்த வெல்லத்தை மெல்வதை நிறுத்தினார்.

“ஒம்போது போகி,” என்றார் வேதநாயகி. “வருஷா வருஷம் கேட்டேன். பத்திரமா இருக்குதுன்னீங்க.”

“பத்திரமாத்தான் இருக்குது. பேப்பர்ல.”

“ஏணியப் புடிங்க.”

உத்தமன் ஏணியைப் பிடித்தார்.

மேல் ஓரத்தில் ஆவியைக் காட்டி, தோசைத் திருப்பியை நுழைத்து, ஒரு விரற்கடை ஒரு விரற்கடையாக வேதநாயகி இறங்கினார். முதல் அரைமணி ஒன்றும் அசையவில்லை. சின்னப்பா கிரிக்கெட் வர்ணனைபோல ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். “ஆவி வர்து... திருப்பி உள்ள போய்த்து... பசை பிடி விடல, உத்தமன் பசை அல்லவா அது...” ஏணியைப் பிடித்தபடி உத்தமனுக்கு இரண்டு மனசு. ஒட்டு விட்டால் மனைவி பெயர் போகும். ஒட்டு விடாவிட்டால் வேதநாயகி விடமாட்டார். இதற்கெல்லாம் நடுவில் மூன்றாவது மனசு ஒன்றும் இருந்தது. அது, இருபத்திரண்டு வருடத்தில் முதல் ஃபெயில் இன்றைக்குத்தானா என்று கேட்டது.

பத்து மணி வாக்கில் மொத்தமும் ஒரே வில்லையாகக் கழன்று வேதநாயகியின் தோளில் சாய்ந்தது. பதினான்கு அடுக்கும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியவில்லை. உத்தமனின் பசை உத்தமனின் பசையை விடவில்லை, விட்டது மரத்தைத்தான். அனன்யா ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தாள். திருப்பினார்கள்.

வில்லையின் முதுகில், தலைகீழ் மினிஸ்டரின் பின்பக்கத்தில், சிவப்பு எனாமல் முழுசாக இருந்தது. ஒரு எழுத்தும் உதிரவில்லை. எல்லாம் இடமும் வலமும் மாறியிருந்தன. பலகையில் பெயிண்ட் ஒரு துளி இல்லை.

வேதநாயகி வில்லையைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பீரோ கண்ணாடிக்கு முன்னால் அதை முதுகுப்பக்கம் காட்டி நிறுத்தினார். கண்ணாடியில் ‘வேதநாயகி இல்லம்’ நேராகத் தெரிந்தது, கீழே தாமரையோடு. எனாமல் எண்பத்தொன்பதில் இருந்ததைவிடப் பளபளப்பாக இருந்தது, வெயிலே படவில்லை. வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் முந்தானையை ஈரமாக்கி ஒருமுறை துடைத்தார். முதலில் பெயர், பிறகு ‘இல்லம்’. தாமரையைத் துடைக்கவில்லை, அதன்மேல் அவருக்குக் கோபம் இருந்திருக்கலாம்.

வெளியே வந்து, “எடுத்துட்டுப் போம்மா,” என்றார்.

அனன்யா தயங்கினாள். “ஆன்ட்டி, உங்க பேர் பின்னாடி... சுவர்ப் பக்கமா போயிடும். நாங்க வேணும்னா டபுள் சைட்—”

“செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கட்டும். ஒம்போது வருஷம் பேப்பரப் பாத்துக்கிட்டுதான இருந்தது? நான் தேடறது அந்தப் பெயிண்ட இல்லம்மா.” தோசைத் திருப்பியால் சுவரைக் காட்டினார். “அத.”

பலகையில் பெயிண்ட் இல்லைதான். ஆனால் எழுத்து இருந்த இடத்தில் மட்டும் மரம் வெளுத்திருந்தது. சுற்றிலும் ஈரமும் பசையும் ஏறிக் கறுத்திருந்தது. கொஞ்சம் தள்ளி நின்றால் படிக்க முடிந்தது.

உத்தமன் சட்டென்று உயிர் பெற்றார். “சில்வெஸ்டரக் கூட்டியாறேன். நாளைக்கே—”

“நாளைக்கின்னா என்னான்னு எனக்குத் தெரியும்.”

பொங்கல் முடிந்த அடுத்த நாள் வேதநாயகியே கடைக்குப் போய் ஒரு சின்ன டப்பா சிவப்பு எனாமலும் ஒரு பிரஷும் வாங்கி வந்தார். முதலில் அடிப்பூச்சு வாங்கினார் என்பதைக் குறிப்பிட வேண்டும். அது விளக்கெண்ணெய்போல நிறமில்லாதது, மரத்தில் வெளுத்த தடம் மறையவில்லை. இரண்டு நாள் ஏணியில் நின்று, வெளுத்த தடத்துக்குள் நிறத்தை நிரப்பினார். அங்கங்கே கோட்டுக்கு வெளியே போனது. தாமரை இருந்த இடத்தைக் காலியாக விட்டார். அந்த இடத்தைப் பார்த்த சின்னப்பா, “அக்கா, இங்க நம்ம எழுத்துலயும் ஒரு தடவ போட்டுடலாம். யார் வந்தாலும் ஒரு தொந்தரவும் இருக்காது,” என்றார். பிரஷை வாங்கி அவரே கன்னடத்தில் எழுதினார். ஓடும் பஸ்ஸில் நின்றபடி எழுதியதுபோல் இருந்தது. வேதநாயகியின் எழுத்து அதன் பக்கத்தில் அச்சு மாதிரி தெரிந்தது. அவர் அதை ஆட்சேபிக்கவில்லை.

வைட்ஃபீல்ட் வரவேற்பறையில் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறியது. நிறுவனம் கொடுத்த தொகையை உத்தமன் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் மிக்ஸி மாறியது. படத்தைப் பார்க்க அவர் ஒருமுறை போனார். அம்மன் கிணற்றுக்குள்ளிருந்து கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே பித்தளைத் தகட்டில் கலைஞர் பெயர் இருந்தது, வருடம் இருந்தது. படத்தின் பெயர் என்ற இடத்தில், ஆங்கிலத்தில், ‘பெயரிடப்படாதது’ என்று இருந்தது. உத்தமன் அதை வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருப்பதில் அவருக்குப் பயிற்சி உண்டு.

வீட்டில் அவர் ஒரு யோசனை மட்டும் சொன்னார். சாரல் அடித்தால் எனாமல் கெடும், பலகைமேல் மெல்லிசாக ஒரு ப்ளாஸ்டிக் ஷீட் ஒட்டிவிடலாம், கண்ணாடி மாதிரி இருக்கும், தெரியவே தெரியாது.

“பசை டப்பாவத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வந்தீங்க,” என்றார் வேதநாயகி, “ஒங்களப் போகிக்குப் போட்டுடுவேன்.”

உத்தமன் கழிவு அட்டைகளோடு கொல்லைப்பக்கம் போய்விட்டார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒட்டுகிறார். அனன்யா வருடத்துக்கு ஒன்றிரண்டு எடுத்துப் போகிறாள். முன்பக்கச் சுவருக்கு அவருக்கு அனுமதி இல்லை.

அந்த வருடம் வீட்டுக்கு வீடு ஆள் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். வீட்டில் யார் யார் என்று கேட்டார். வேதநாயகி வாயைத் திறக்காமல் பலகையைக் காட்டினார். வந்தவர் சின்னப்பாவின் கன்னடத்தை எழுத்துக் கூட்டிப் படித்து முதலில் அந்தப் பெயரை எழுதிக்கொண்டார். பிறகுதான் உத்தமன், பிறகு வித்யாலட்சுமி. போகும்போது, எண்ணி முடித்த வீடு என்பதற்கு அடையாளமாக ஒரு நம்பர் ஸ்டிக்கரை எடுத்து, கைக்கு எட்டிய பலகையின் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்புவதற்குள் வேதநாயகி தோசைத் திருப்பியோடு வந்து அதைச் சுரண்டி எடுத்தார்.

மறுநாள் விட்டுப்போன வீடுகளைத் தேடி இன்னொருவர் வந்தார். ஸ்டிக்கர் இல்லாத வீடு. யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார். வேதநாயகி மறுபடியும் பலகையைக் காட்டினார்.